மார்செய்க்குக் குடிவருகிறவர்களுக்கு: வெய்யிலும் காற்றும் மீன் தலையும்

பாரிஸிலிருந்து வேலை மாறி மார்செய் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே நல்ல வெய்யிலாமே, தடித்த ஜாக்கெட் தேவையா?" என்பதுதான். கட்டாயம் தேவை. வெய்யில் உண்மைதான். ஆனால் மார்செய் இருக்கும் இந்தப் புரோவான்ஸ் பகுதி முழுவதையும் ஆட்டிப்படைப்பது மிஸ்திரால் காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து இறங்கும் அந்த வறண்ட குளிர்காற்று சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீற்றரையும் தாண்டும். வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருக்கும், வெளியே இறங்கினால் காது விறைக்கும். நாட்டுப்புறத்துப் பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் யன்னலே அருமை. பக்கத்தில் சைப்பிரஸ் மரங்களை வேலிபோல் நெருக்கி நட்டிருப்பார்கள். நீங்களும் வீடு பார்க்கப் போனால் யன்னல்கள் எந்தத் திசை என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலை நினைத்து ஏங்க வேண்டாம். நொவாய் மெட்ரோவில் இறங்கினால் எதிரேயே கப்புசான் சந்தை. வட ஆபிரிக்கக் கடைகளில் கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய், சீரகம், பருப்பு எல்லாம் கிடைக்கும். எங்கே நுழைந்தாலும் முதல் வார்த்தை "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும்.

மீனுக்குப் பழைய துறைமுகத்துக்குக் காலையிலேயே போங்கள். படகுக்காரர் தட்டில் பரப்பியிருக்கும் மீன் சிலது இன்னும் வாலடித்துக்கொண்டிருக்கும். வெட்டித் தரும்போது "லா தெத் ஒஸி" என்று சொல்லுங்கள், தலையும் வேண்டும் என்று அர்த்தம். நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது மீன் வெட்டித் தந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இங்கத்தைய புய்யபேஸ் என்னும் மீன் சூப் பிறந்ததே விலைபோகாத முள்மீன்களையும் பாறை மீன்களையும் மீனவர்கள் ஒரே பானையில் கொதிக்க வைத்ததில்தான். மீன் தலையின் அருமை தெரிந்த சனம் இது. உள்ளியை உரலில் இடித்து ஒலிவ் எண்ணெய் விட்டுக் குழைக்கும் ஐயோலியை அவித்த மரக்கறியோடு ஒரு தரம் சாப்பிட்டுப் பாருங்கள், வீட்டில் சம்பல் இல்லாத குறை தெரியாது.

சிவப்பரிசிச் சோறு தேடுகிறவர்களுக்குக் கமார்க் அரிசி இருக்கிறது. ரோன் ஆறு கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில், வெள்ளைக் குதிரைகளும் பூநாரைகளும் திரியும் இடத்தில் விளைவது. 1939இல் போர் வேலைக்கென்று வியட்நாமிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஊர் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்ட தொழிலாளர்கள்தான் போர்க்காலத்தில் அங்கே நெல் வேளாண்மையைத் திரும்ப நிமிர்த்தினார்கள். அந்த அரிசியைக் களையும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன். முதல் நாள் இரவே ஊறவையுங்கள், கொஞ்சம் கடினமான அரிசி.

லாவெண்டர் பார்க்க வலன்சோல் மேட்டுநிலம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள், பிறகு அறுத்துவிடுவார்கள். தவறவிட்டால் இன்னும் உயரத்திலுள்ள சோ ஊரில் சில நாட்கள் கூடுதலாக நிற்கும். கார் இல்லாமல் இரண்டுமே சிரமம்.

கலாங்க் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குடாக்கள் 2012 முதல் தேசியப் பூங்கா. கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் பாதைகளை மூடிவிடுவார்கள். அடுத்த நாள் திறந்திருக்குமா என்று முதல் நாள் மாலையே பாருங்கள். உள்ளே குடிநீர் கிடையாது. பிள்ளைகளோடு போனால் ஆளுக்கு இரண்டு லீற்றர் எடுத்துப் போங்கள். சிகரெட் பற்றவைக்கவே கூடாது.

காசு அதிகம் செலவழிக்காமல் கடல் பார்க்க வேண்டுமா? சென் ஷார்ல் நிலையத்தில் கோத் புளூ ரயில் ஏறுங்கள். 1915இல் திறந்த பாதை, பாறைகளைக் குடைந்தும் பாலங்களில் ஏறியும் கடலை ஒட்டியே போகும். லெஸ்தாக்கில் இறங்கிப் பனீஸ் வாங்குங்கள். கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வட்டமாக வெட்டிப் பொரித்தது. சூட்டோடு உப்புத் தூவித் தருவார்கள். பிறகு அடுத்த ரயிலில் தொடரலாம். போகும்போது இடப்பக்க இருக்கையாகப் பாருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.