கீழ்ப்படியாமைப் பகுதிகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதேனின் பழத்தை ஆப்பிள் என்று சொன்னால் கேட்பவர்களே திருத்திவிடுவார்கள், அதை விடுவோம். பழைய ஏற்பாட்டிலிருந்து புதிதாகப் பிரசங்கிக்க வருபவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

சவுலின் இரண்டு குற்றங்களை ஒன்றாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருகிற தவறு இது. 1 சாமுவேல் 13, 15 இரண்டிலும் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல், இரண்டிலும் கில்கால் என்ற ஊர், இரண்டிலும் பலி, இரண்டிலும் தீர்க்கதரிசி சாமுவேலின் கண்டனம். அதனால் "சாமுவேலுக்குக் காத்திராமல் பலியிட்டார், பலியைவிடக் கீழ்ப்படிதல் மேல் என்று கண்டிக்கப்பட்டார்" என்று ஒட்டுப்போட்டுவிடுகிறார்கள். குற்றம் 13ஆம் அதிகாரத்தில், கண்டனம் 15ஆம் அதிகாரத்தில்!

13இல் கட்டளை, 7 நாள் காத்திரு என்பது (அது இருப்பது 10:8இல்). மிக்மாசில் பெலிஸ்தர் திரண்டிருக்க, ஜனங்கள் சிதற, சவுலே சர்வாங்க தகனபலியைச் செலுத்தினார். தீர்ப்பு: அவருடைய ராஜ்யபாரம் நிலைக்காது. அடிபட்டது வம்சம், சிங்காசனம் அன்றைக்குப் போகவில்லை.

15இல் கட்டளை, அமலேக்கியரையும் அவர்களுடைய மிருகஜீவன்களையும் மீதமின்றி அழிப்பது. சவுல் அவர்களுடைய ராஜா ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டு, "பலியிடத்தான் வைத்தோம்" என்றார், பழியையும் ஜனங்கள்மேல் போட்டார். அந்தச் சாக்குக்குப் பதில்தான் கீழ்ப்படிதல் பற்றிய வசனம். சாக்கைச் சொல்லாமல் வசனத்தை மட்டும் சொன்னால், சாமுவேல் பலியையே வெறுத்தார் என்று சபை புரிந்துகொள்ளும். தீர்ப்பும் இங்கே கடுமையானது: சவுலே ராஜாவாயிராதபடி தள்ளப்பட்டார்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கட்டளை, மீறல், தீர்ப்பு, நிறைவேறிய இடம். பலர் வெறுமையாக விடுவது நான்காவதை. சவுல் அதற்குப் பிறகும் ஆண்டார். கில்போவாவில் மூன்று குமாரரோடு விழுந்தது 31ஆம் அதிகாரத்தில். அந்த மரணத்தை அமலேக்கோடு இணைப்பது 28:18. மிஞ்சிய குமாரன் இஸ்போசேத் 2 வருஷம் ஆண்டு, படுக்கையிலேயே கொலையுண்டார். 13இன் தீர்ப்பு அங்கே முடிகிறது.

கட்டளையைத் தேடாமல் ஊசாவைப் பேசுவது

2 சாமுவேல் 6ஐ மட்டும் வாசித்தால், விழப்போன உடன்படிக்கைப் பெட்டியைப் பிடித்த ஊசாவைத் தேவன் அடித்தார் என்றுதான் தோன்றும். எண்ணாகமம் 4:15ஐயும் 7:9ஐயும் முதலில் வாசியுங்கள்: லேவியரில் ஒரு வம்சமான கோகாத் புத்திரர் தோளில் சுமக்க வேண்டும், தொட்டால் மரணம், அவர்களுக்கு வண்டியே கொடுக்கப்படவில்லை. தாவீது ஏற்றியதோ புது வண்டியில். முன்பு பெலிஸ்தர் அனுப்பியதும் அப்படித்தான். மீறல் ஊசாவின் கையில் தொடங்கவில்லை. தாவீதே அதை 1 நாளாகமம் 15:13இல் ஒப்புக்கொள்கிறார்.

மேரிபாவைக் கலப்பது

மேரிபா என்ற பெயரில், கன்மலையிலிருந்து தண்ணீர் வந்த சம்பவங்கள் இரண்டு. யாத்திராகமம் 17இல் கன்மலையை அடிக்கும்படி தேவன் மோசேயிடம் சொன்னார். எண்ணாகமம் 20இல் கன்மலையோடு பேசச் சொன்னார், மோசேயோ அடித்தார். அடித்தும் தண்ணீர் வந்தது; கானானை இழந்தது மோசேயும் ஆரோனும்.

யோனாவுக்கு மீனே தண்டனை என்பது

புயல்தான் தண்டனை. மீன் காப்பாற்றியது.

உபாகமம் 28ஐப் பின்னோக்கிப் படிப்பது

ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். இஸ்ரவேல் என்ற ஜனத்தோடு செய்த உடன்படிக்கை அது. மீறினால் துன்பம் வரும் என்கிறது. துன்பப்படுகிறவனெல்லாம் மீறினவன் என்று சொல்லவில்லை. நோயாளியின் வீட்டில் இந்த அதிகாரத்தைத் திறக்கவே வேண்டாம். யோபுவின் சிநேகிதர் மூவரும் அவருடைய துன்பத்தைப் பார்த்து, மீறினவர் என்றுதான் கணக்குப் போட்டார்கள். கடைசியில் 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபுவின் ஜெபத்தால் தப்ப வேண்டியதாயிற்று.