பழைய போன், லப்டொப்பை எப்போது மாற்றலாம்?

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, போன் கொஞ்சம் மெதுவானாலே "புதுசு எடுங்கோவன்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவசரப்படாதீர்கள், முதலில் பற்றரியைப் பாருங்கள். லித்தியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது. வன்னி வெயிலில் மோட்டார் சைக்கிளிலும் தகரக் கூரைக்குக் கீழேயும் கிடக்கும் போனின் பற்றரி சீக்கிரம் நலிந்துவிடும். பல பற்றரிகள் சுமார் 500 முறை முழுதாக ஏறி இறங்கியதும், புதிதில் பிடித்த சார்ஜில் 80 சதவீத அளவுக்கு வந்துவிடும். இதற்குப் பற்றரியை மட்டும் மாற்றினால் போதும்.

போனைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். பம்பரமாய்ச் சுழன்றால், அல்லது திரையின் ஓரம் கிளம்பியிருந்தால், பற்றரி ஊதியிருக்கலாம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அமத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

லப்டொப் இழுபட்டால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போட்டுப் பாருங்கள். இது அந்தப் பழைய லப்டொப்தானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு வேகம்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? பாதுகாப்பு அப்டேட் நின்ற பிறகு. போனின் செட்டிங்ஸில் கடைசி அப்டேட் திகதி இருக்கும். அது வருடக்கணக்கில் பழையதென்றால் அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள். லப்டொப்பில் ஓடும் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. திருத்தும் செலவு புதியதன் பாதி விலையைத் தாண்டினாலும் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

கடையில் கொடுக்கமுன் படங்களை வேறொன்றில் ஏற்றிவையுங்கள்.