தீபாவளிக்கு இனிப்பும் உப்புமாய் அவல் மிக்சர்: நமத்துப் போகாமல் செய்யும் முறை

அவல் மிக்சரை அரை மணி நேரத்தில் யாரும் செய்துவிடலாம். அதிலேயே சர்க்கரையும் சேர்த்து, பத்து நாள் கழித்து டப்பாவைத் திறந்தாலும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும். அவலில் ஈரம் ஏறினால் நமத்துப் போகும். தீபாவளி வருவதோ ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நேரத்தில். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் ஈரத்தைப் பற்றிய பேச்சு வந்துகொண்டே இருக்கும்.

தேவையானவை (600 கிராமுக்குக் குறையாமல் வரும்)

கெட்டி அவல் – 250 கிராம்
தோல் நீக்காத வேர்க்கடலை – 100 கிராம்
பொட்டுக்கடலை – 75 கிராம்
முந்திரி – 50 கிராம், இரண்டாகப் பிளந்தது
கொப்பரைத் தேங்காய் – 40 கிராம், மெல்லிய சீவல்களாக
உலர் திராட்சை – 30 கிராம்
கறிவேப்பிலை – 4 கொத்து
சர்க்கரை – 3 மேசைக்கரண்டி
தூள் உப்பு – ஒன்றரை தேக்கரண்டி
மிளகாய்த்தூள் – ஒன்றரை தேக்கரண்டி
மஞ்சள்தூள் – அரை தேக்கரண்டி
பெருங்காயத்தூள் – அரை தேக்கரண்டி
பொரிக்க எண்ணெய் – அரை லிட்டர்

எந்த அவல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மெல்லிய அவல் எண்ணெயில் விழுந்ததும் சுருண்டு கருகிவிடும். அது வெறும் வாணலியில் வறுப்பதற்கானது. இங்கே கெட்டி அவல்தான் சரி. கழுவக் கூடாது. சல்லடையில் போட்டு நன்றாகச் சலித்து, பொடியை நீக்கிவிடுங்கள். பொடியோடு போட்டால் அது எண்ணெயின் அடியில் தங்கிக் கருகும். நாலாவது ஈடு பொரிப்பதற்குள் எண்ணெய் கறுத்து, மிக்சர் முழுக்கக் கசப்பு ஏறிவிடும்.

1. தயார் செய்தல்

கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி ஒரு மணி நேரமாவது உலர விடுங்கள். சர்க்கரையை ஈரமில்லாத மிக்சி ஜாரில் நைசாகப் பொடித்துச் சலித்துத் தனியே மூடி வையுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பெருங்காயம் நான்கையும் ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள். கல் உப்புதான் இருக்கிறது என்றால் அதையும் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். பொடிக்காத உப்பு டப்பாவின் அடியில் போய் உட்காரும். மேலே உப்பில்லாமலும் கீழே கரிப்பாகவும் இருக்கும்.

2. மிதமான தீயில் பொரிப்பவை

அவலுக்கு எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். மற்றவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது. அதனால் அவலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேர்க்கடலை. தோலில் சின்ன வெடிப்புகள் தெரிந்து, உள்ளே இளம்பொன் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் சொந்தச் சூட்டிலேயே அது இன்னும் கொஞ்சம் வேகும். பிறகு முந்திரி, கொப்பரை, பொட்டுக்கடலை என்று ஒவ்வொன்றாக. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், அரை நிமிடம் போதும். கறிவேப்பிலையைப் போட்டதும் எண்ணெய் சடசடக்கும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகே எடுங்கள். சத்தம் இருக்கும்வரை இலையில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு எடுத்த இலை மறுநாளே துவண்டுவிடும், பக்கத்தில் உள்ள அவலையும் கெடுக்கும்.

திராட்சை உருண்டையாக உப்பியதும் எடுத்து, தனித் தட்டில் வையுங்கள். மற்றவற்றோடு இப்போது கலக்க வேண்டாம்.

3. அவல் பொரித்தல்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. தீயைக் கூட்டி, எண்ணெயை நன்றாகக் காய விடுங்கள். நான்கைந்து அவலைப் போட்டுப் பாருங்கள். போட்ட கணமே மேலே எழும்பி, இரண்டு பங்காகப் பொரிந்து வெளுத்தால் பதம் சரி. அடியில் போய்த் தங்கி, மெதுவாக மேலே வந்தால் இன்னும் காயவில்லை. வெப்பமானி இருந்தால் 190 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். சூடு குறைந்த எண்ணெயில் போட்ட அவல் பொரியாமல் எண்ணெயைக் குடிக்கும், கடித்தால் பல்லில் கல் போல் மாட்டும். அதைத் திரும்பப் பொரித்தாலும் சரியாகாது.

நல்ல பதத்தில் அவல் பொரிய ஐந்தாறு நொடிதான் ஆகும். சாதாரண ஜல்லிக்கரண்டியால் அள்ளத் தொடங்கினால் முதலில் எடுத்தது வெள்ளையாகவும் கடைசியில் எடுத்தது பழுப்பாகவும் இருக்கும். குழிவான எவர்சில்வர் கம்பிவலை வடிகட்டிதான் இதற்கு ஏற்றது என்பேன். ஒரு கைப்பிடி அவலை அதில் போட்டு, வடிகட்டியோடு எண்ணெயில் இறக்கி, பொரிந்ததும் அப்படியே தூக்கி, ஓரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி வடிய விட்டால் முடிந்தது. பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள டீ வடிகட்டி வேண்டவே வேண்டாம், உருகிவிடும்.

ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். அடுத்த ஈட்டுக்கு முன் கால் நிமிடம் எண்ணெய் மறுபடி காய வேண்டும். செக்கெண்ணெய் வாசனைக்கு நல்லதுதான், ஆனால் இந்தச் சூட்டுக்கு வருவதற்குள் புகையத் தொடங்கிவிடும். அவலுக்கு மட்டும் ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ வசதி. ஏற்கெனவே பலகாரம் சுட்ட எண்ணெய் என்றால் நாலைந்து நாளில் காறல் வாடை வரும்.

4. இரண்டு தவணையாகக் கலத்தல்

பொரித்த அவலை அகலமான தாம்பாளத்தில் காகிதம் விரித்துக் கொட்டுங்கள். எண்ணெய் உறிஞ்சியதும் காகிதத்தை உருவிவிடுங்கள். சூடு இருக்கும்போதே மசாலாக் கலவையைத் தூவி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். அவல் மேல் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் பசையில்தான் பொடி ஒட்டும். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். கடலை, முந்திரி, கொப்பரை, கறிவேப்பிலை எல்லாம் இப்போது சேரட்டும்.

சர்க்கரைப் பொடியை இதோடு சேர்த்துத் தூவினால் எல்லாம் வீண். சூடான பண்டத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை அதில் கரைந்து பிசுபிசுத்து, ஆறியதும் அங்கங்கே கட்டியாகும். முற்றிலும் ஆறிய பிறகு போட்டாலோ, முன்பு சொன்னதுபோல் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. உள்ளங்கையைக் குவியலுக்குள் விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், எடுத்துப் பார்த்தால் கையில் ஆவி வேர்த்திருக்கக் கூடாது. அப்போது சர்க்கரைப் பொடியை மூன்று முறையாகப் பிரித்துத் தூவிப் புரட்டுங்கள். சரியாக வந்திருந்தால் வாயில் போட்டதும் முதலில் இனிப்பு தெரியும், மெல்ல மெல்ல உப்பும் காரமும் எழும்பும்.

நாட்டுச்சர்க்கரை போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. சுவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளைச் சர்க்கரையைவிட அது ஈரத்தை அதிகம் பிடிக்கும். இரண்டு நாளில் தின்று தீர்ப்பதாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

திராட்சை விஷயம்

எல்லாம் சரியாகச் செய்தும் மூன்றாம் நாள் மிக்சர் நமத்துவிட்டது என்றால் பெரும்பாலும் காரணம் திராட்சைதான். பொரித்தாலும் அதன் உள்ளே ஈரம் இருக்கும். மூடிய டப்பாவுக்குள் அந்த ஈரம் மெல்ல அவலுக்குப் போகும். திராட்சை கல்லாகும், அவல் தோலாகும். ஆகவே திராட்சையைச் சின்ன டப்பாவில் தனியே வைத்து, பரிமாறும்போது கலப்பதே நல்லது. பலகாரத் தட்டில் வைத்து அக்கம்பக்கம் கொடுப்பதற்கு அப்படிப் பிரித்து வைக்க முடியாது. அந்த மிக்சருக்குத் திராட்சைக்குப் பதில் சின்னதாக வெட்டிய இனிப்பு மைதா பிஸ்கட்டைப் போடுங்கள். இனிப்பும் கிடைக்கும், ஈரத்தொல்லையும் இல்லை.

டப்பாவில் அடைத்தல்

தாம்பாளத்தின் அடி கையில் குளிர்ச்சியாகத் தெரியும்வரை ஆற விடுங்கள். அதற்கு மேல் திறந்து வைக்க வேண்டாம். மழை நாளில் இரவு முழுக்க விட்டால் காலையில் நமத்திருக்கும். ஒரே பெரிய தூக்கில் போடுவதைவிட நாலைந்து சின்ன டப்பாக்களில் அடைத்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். அள்ளப் போடும் கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும்.

லேசாக நமத்துவிட்டால், திராட்சை இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, அடி கனமான வாணலியில் மிகச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம் கைவிடாமல் புரட்டுங்கள். தீ கூடினால் சர்க்கரை பழுத்துக் கசக்கும். வாணலியில் இருக்கும்போது மொறுமொறுப்பு தெரியாது. தட்டில் கொட்டி ஆறிய பிறகு ஒன்றைக் கடித்துப் பாருங்கள்.