மழைக்கு முன்னால் மரத்தின் காலடியைப் பாருங்கள்

வடசென்னையில் ஒரு கல்வி வளாகத்தின் தோட்டப் பிரிவில் 22 வருடமாக இருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால், ஆடியில் தொடங்கி ஆவணிக்குள் எல்லா மரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த நாள். காற்று ஒரு பக்கம் அடித்து, நடுவில் அடங்கி, மறுபடி எதிர்ப்பக்கமாக வந்தது. மறுநாள் காலை பைக் ஸ்டாண்டு மேல் ஒரு இயல்வாகை கிடந்தது. இலையெல்லாம் பச்சை, தண்டில் ஒரு குறை இல்லை. ஆனால் ஒரு பக்கத்து வேரெல்லாம் கோடு போட்ட மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டிய முனை கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் நனைந்த பஞ்சுபோல் அமுங்கியது. சில வருடங்களுக்கு முன் கேபிளுக்காக மரத்தை ஒட்டியே பள்ளம் தோண்டினார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், தடுக்கவில்லை. விடுமுறை நாள் என்பதால் உயிர்ச்சேதம் இல்லாமல் போயிற்று.

அதிலிருந்து எங்கே பள்ளம் தோண்டினாலும் தேதியோடு நோட்டில் எழுதி வைக்கிறேன். நெஞ்சு உயரத்தில் தண்டின் குறுக்களவு 2 அடி என்றால், சுற்றி 24 அடிக்குள் பள்ளமே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் பொக்லைனை விடாமல் கையால் தோண்டச் சொல்லி, தடித்த வேருக்கு அடியில் குழாயை நுழைக்க வையுங்கள்.

அடிமரத்தைச் சுற்றித் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருந்தால் உள்ளே வேரோ கட்டையோ அழுகுகிறது. மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால், அன்றைக்கே கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். அதற்கு மறுநாள் கிடையாது.

பிறகு கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தண்டைச் சுற்றிவரத் தட்டுங்கள். நல்ல கட்டை 'டக் டக்' என்னும். பொக்கை 'தொம்' என்னும். பொந்து இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை. 3 அடி குறுக்களவுள்ள மரத்தில் சுற்றிலும் அரை அடிக்குக் குறையாமல் நல்ல கட்டை இருந்தால் பெரும்பாலும் தாங்கும். பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. பொந்துக்குள் சிமென்ட் கொட்டாதீர்கள். ஈரம் தங்கி அழுகல் தெரியாமலே வளரும்.

இனி மேலே பாருங்கள். காய்ந்த கிளை, ஒரே இடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து நடுவில் பட்டை உள்ளே மடங்கிய கவை, விளம்பரப் பலகைக்காக இறுக்கிய கம்பி. குல்மொகரில் கிளை சட்டென்று முறியும், அதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

கிளை எடுக்கும்போது முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து கொஞ்சம் அறுத்து, பிறகு இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை தண்டு வரை உரிந்துவிடும். மிச்சக் குச்சியைக் கடைசியில், கிளையடியில் இருக்கும் வீக்கத்துக்கு வெளியே அறுங்கள். தலையை மொட்டையடிக்கவே கூடாது. மறுபடி துளிர்க்கும் கிளைக்குப் பிடிமானம் இருக்காது. மின்கம்பி பக்கத்தில் என்றால் வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஆளை ஏற்றுவேன். முழு மரத்தையும் எடுப்பதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் படத்தோடு எழுதிக் கேட்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த மரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் கேன்டீன் வாசல் தூங்குமூஞ்சி சாய்ந்துதான் நிற்கிறது. வெட்டச் சொன்னார்கள். நான் கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்து, 6 அடி உயரத்திலிருந்து தொங்கவிட்டு, அடியில் தண்டுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். போன ஆடியில் 9 அங்குலம், இந்த ஆடியிலும் அதே 9. பெஞ்சையும் பைக்குகளையும் மறுபக்கம் மாற்றிவிட்டோம். அடுத்த புயலுக்கு மறுநாள் காலை மறுபடி அளப்பேன்.