மலைப்பாதையில் வாந்தி வருபவரிடமே ஸ்டியரிங்கைக் கொடுங்கள்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, ஆனையிறங்கல் ஏரி வழியாக மூணாறுக்குப் போகிற தம்பதிகளில் யாருக்குக் குமட்டுமோ அவரையே முந்தல் அடிவாரத்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றிவிடுங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அங்கங்கே வண்டியை ஓரங்கட்டி எலுமிச்சம்பழம் தேடுகிற நேரம் மிச்சம்.

கண் ஒன்றைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றை உணர்வதால்தான் தலைசுற்றலே வருகிறது. ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியும், கையைத் திருப்பும்போதே உடம்பும் தானாக அந்தப் பக்கம் சாய்ந்து தயாராகிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டுபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் என்றால் இதை விட்டுவிடுங்கள், முன்சீட்டில் உட்கார வைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னாலே பாதி சரியாகும். வாந்தி மாத்திரை போட்டவரும் ஓட்டக்கூடாது, அதில் பலவும் தூக்கம் வரவழைப்பவை. ஏற்கெனவே குமட்டல் தொடங்கிவிட்டாலும் கூடாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பழகிய கையே ஓட்டட்டும், வீட்டு அரசியல் அப்புறம்.