தென் கரோலினாவில் இரை போட்டு இறால் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

செப்டம்பர் பாதியில் தென் கரோலினாவின் கடலோரத் தூண்டில் கடைகளில் மீன்தூள் மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகம், புல்ஸ் பே, செயின்ட் ஹெலினா சவுண்ட், போர்ட் ராயல் சவுண்ட் எல்லா இடத்திலும் சின்னச் சின்னப் படகுகள் கரையோரமாக வரிசை கட்டி நிற்கும். சொல்லக் கேட்டால் எளிதான வேலைதான். ஆழம் குறைந்த இடத்தில் பத்துக் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மீன்தூளும் களிமண்ணும் பிசைந்த உருண்டை ஒன்றைப் போட வேண்டும். அது கரையக் கரைய இறால் வந்து சேரும். அப்புறம் ஒவ்வொரு உருண்டையின் மேலும் வீச்சுவலை வீச வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வலை வீசுவதைத்தான் வீட்டுப் புல்வெளியில் பழகிவிட்டு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வலை கோணலாக விழுந்தாலும் இறால் கொஞ்சம் கிடைக்கும். குச்சி தப்பான ஆழத்தில் நின்றால், எவ்வளவு வட்டமாக வீசினாலும் சேறும் நண்டும்தான்.

உரிமத்தை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

சாதாரண உப்புநீர் மீன்பிடி உரிமம் இதற்குப் போதாது. இரை போட்டு இறால் பிடிக்கத் தனி உரிமம் உண்டு, 1988லிருந்து இருக்கிறது. மாநில இயற்கை வளத் துறை அதனுடன் பத்து எண் பட்டைகள் தரும். ஒவ்வொரு குச்சியிலும் ஒன்று இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு 25 டாலர், வெளிமாநிலத்தவர்களுக்கு 500 டாலர் என்றிருந்து வந்திருக்கிறது. அட்லாண்டாவிலிருந்தோ சார்லட்டிலிருந்தோ நண்பர்களோடு ஒரு வாரக்கடைசிக்கு வந்து பிடித்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அந்த 500ஐ முதலில் பார்க்கட்டும். அந்தக் காசுக்கு இறாலை வாங்கியே சாப்பிடலாம். இங்கேயே குடியிருக்கும் நண்பர் உரிமம் எடுத்து, அவர் படகில் நீங்களும் ஏறிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். உதவிக்கு வருபவருக்கு வேறு உரிமம் வேண்டுமா என்பதைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவம் 60 நாள். செப்டம்பர் 15 அன்றோ அதற்கு முன்போ வரும் கடைசி வெள்ளிக்கிழமை நண்பகலில் தொடங்கும். நவம்பரில் ஒரு நண்பகலில் முடியும். 2024இல் செப்டம்பர் 13இல் தொடங்கி நவம்பர் 12இல் முடிந்தது.

மற்ற விதிகளில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது தூரக் கணக்கில்தான். ஒரு படகுக்குப் பத்துக் குச்சிக்கு மேல் கூடாது. ஏறியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில்லை. குச்சி ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமனாக இருக்கக்கூடாது, ஒளி பட்டால் மினுங்கும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். முதல் குச்சிக்கும் கடைசிக் குச்சிக்கும் இடையே 100 கஜத்துக்கு மேல் போகக்கூடாது. அடுத்தவர் வரிசையிலிருந்து 25 கஜமாவது தள்ளியிருக்க வேண்டும். படகுத் துறை, இறக்குமிடம் பக்கத்தில் என்றால் 50 கஜம். பகலில் இதெல்லாம் கண்ணால் தெரியும். இருட்டில் நாம் 25 கஜம் என்று நினைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் டார்ச் அடித்துக் கேட்கும்வரை காத்திருக்காமல், இன்னும் கொஞ்சம் தள்ளியே குச்சியை நடுங்கள். குச்சிகளை நட்டுவிட்டு ஆளில்லாமல் விட்டுப் போகவும் கூடாது.

ஓதத்தை (கடல்நீரின் ஏற்றம், வற்றத்தை) பார்க்காமல் குச்சி நடுவது

இதுதான் பெரிய தவறு. இதை மட்டும் சரி செய்தாலே பாதிப் படகுகள் நிறைந்துவிடும்.

தண்ணீர் முழுதும் ஏறி நிற்கும்போது இறால் கரையோரப் புல்லுக்குள் பரவிக் கிடக்கும். உங்கள் உருண்டை அதற்குத் தேவையில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கி, புல்லிலிருந்து வெளியே தள்ளப்பட்டு, கரைச் சரிவில் ஒதுங்கும்போதுதான் இரைக்கு வேலை. அதனால் வற்றத்தின் பின்பாதியும், அது நின்று மறுபடி ஏறத் தொடங்கும் நேரமும்தான் நமக்கானவை.

ஆனால் அந்த வற்றம் எவ்வளவு வேகம் என்பதைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். சார்ல்ஸ்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 5, 6 அடி. தெற்கே ப்யூஃபர்ட் பக்கம் 7, 8 அடி. ஆறு மணி நேரத்தில் இறங்கும் தண்ணீரில் பாதி, நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே போய்விடும். சரி, கணக்குப் போடுங்கள். 6 அடி வித்தியாசமுள்ள நாளில், வற்றத்தின் மூன்றாவது மணி தொடங்கும்போது 4 அடித் தண்ணீரில் குச்சி நட்டால், இரண்டு மணி நேரத்தில் அங்கே 1 அடிதான் மிச்சம். வலை விரிவதற்குள் தரை தட்டும். படகும் தட்டும். இங்கத்திய சதுப்புச் சேற்றில் இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் தொடை வரை போகும். அடியில் சிப்பி இருந்தால் காலைக் கிழித்துவிடும். தண்ணீர் திரும்பி வரும்வரை கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதே இடத்தில், முழு வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது 4 அல்லது 5 அடியில் நட்டால் இறங்கப்போவது ஒன்றரை அடிதான். வரிசை கடைசி வரை வேலை செய்யும்.

ஓத அட்டவணை பார்க்கும்போது இன்னொன்று. சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குப் போட்டிருக்கும் நேரம் துறைமுகத்துக்குத்தான். ஓடைகளுக்குள் போகப் போக நேரம் தள்ளிப்போகும். நீங்கள் போகும் இடத்துக்கு அருகில் உள்ள நிலையத்தின் நேரத்தை எடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது, நீரோட்டமும் வேகம். உருண்டை சீக்கிரம் கரைந்து ஓடும், படகை நிறுத்துவதும் பாடு. பௌர்ணமி இரவென்றால் இறால் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். முதல் முறை போகிறவருக்கு நான் அஷ்டமி, நவமி பக்கத்து நாளைத்தான் சொல்வேன். ஓதம் சின்னது, தவறு செய்தாலும் தண்ணீர் தண்டிக்காது.

குச்சி வரிசை கரைக்கு இணையாக, ஒரே ஆழத்தில் போக வேண்டும். கரையிலிருந்து நடுவாய்க்காலை நோக்கி நட்டால் இரண்டு குச்சி தரையில், நான்கு குச்சி ஆழத்தில் என்று பிரிந்து நிற்கும். முடிந்தால் முந்தின நாள் பகலில், தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சிப்பிப் படுகை எங்கே, பழைய கட்டை எங்கே என்று தெரிந்துவிடும். ஏற்றத்தில் எல்லாம் ஒரே தண்ணீர்.

உருண்டையும் அது விழும் இடமும்

மீன்தூளையும் மண்ணையும் எந்த அளவில் கலப்பது என்பதில் ஆளுக்கொரு ரகசியம். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம், பதம்தான் முக்கியம். புட்டு மாவு போல உதிர்ந்தால் தண்ணீரில் விழுந்ததுமே கலைந்துவிடும். கல் மாதிரி இறுக்கினால் வாசனையே வெளியே வராது. கரையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மேல்பக்கம் மெல்ல மெல்ல உரிந்து, அரை மணி கழித்தும் பாதிக்கு மேல் இருந்தால் சரி. ஓட்டம் அதிகமென்றால் களிமண் கூட. உருண்டையை வடை போலத் தட்டிப் போடுவது நல்லது. உருண்டையாகவே விட்டால் நீரோட்டம் உருட்டிக்கொண்டு போய்விடும்.

எங்கே போடுவது? பலரும் குச்சிக்கு அடியிலேயே போட்டுவிடுகிறார்கள். பிறகு வலை குச்சியில் தொங்கும். 6 அடி வலை என்று விற்பது ஆரம் 6 அடி, அதாவது விரிந்தால் 12 அடி வட்டம். உருண்டை நடுவில் இருக்க வேண்டுமென்றால் குச்சியிலிருந்து 7 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பத்துக் குச்சிக்கும் ஒரே பக்கம், ஒரே தூரம். இருட்டில் உருண்டையைப் பார்க்க முடியாது, குச்சியில் மினுங்கும் பட்டையை வைத்துத்தான் வீசப்போகிறீர்கள்.

போட்ட உடனே வீசவும் வேண்டாம். கடைசி உருண்டையைப் போட்டுவிட்டு ஒரு கால் மணி நேரமாவது பொறுங்கள். அப்புறம் நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக வரிசையில் ஏறிப் போங்கள். ஓட்டத்தோடு போனால் படகு நிற்காது, வீசுபவர் தயாராவதற்குள் குச்சி பின்னால் போய்விடும். ஒருவர் ஓட்ட, ஒருவர் வீச. வலை தண்ணீரில் இருக்கும்போது எஞ்சினில் கியர் போடக்கூடாது. கயிறு விசிறியில் சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வலை

இரை மேல் வீசும் வலையின் கண் பக்கத்துக்கு அரை அங்குலமாவது இருக்க வேண்டும். கடையில் மலிவாகத் தொங்கும் 3/8 அங்குல வலை தூண்டில் இரை மீனுக்கானது. இங்கே அது சட்ட மீறல். முதல் வலையையே 10 அடியில் வாங்கவும் வேண்டாம். நனைந்த பிறகு அதன் கனமும், ஆடும் படகின் முனையும், இருட்டும் சேர்ந்தால் மூன்றாவது வீச்சில் தோள் போய்விடும். 6 அல்லது 7 அடி போதும். ஈயமணி தைத்த ஓரத்தைப் பல்லால் கடித்து வீசுவது ஊர்ப்பக்கம் பார்த்த பழக்கம். கடிக்காமல் தோளில் போட்டு வீசும் முறையும் உண்டு. இந்தச் சேற்றை வாயில் வைக்காதவரை நல்லது.

படகு

14, 16 அடி படகில் மூன்று பேர், ஐஸ் பெட்டி, மீன்தூள் வாளிகள், நனைந்த வலை. எடையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 20 அடிக்குக் குறைந்த படகுகளில் எத்தனை ஆள், எவ்வளவு எடை என்று ஒரு தகடு அடித்திருக்கும். இறாலும் ஐஸும் சேர்த்துத்தான் அந்த எடை. வலை கனமாக வருகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பதுதான் கவிழ்வதற்கான நேர்வழி.

நங்கூரத்தை ஒருபோதும் பின்பக்கத்தில் கட்ட வேண்டாம். வற்ற ஓட்டத்தில் எஞ்சின் இருக்கும் தாழ்ந்த பக்கம் வழியாகத் தண்ணீர் ஏறி, வாளி எடுப்பதற்குள் மூழ்கடித்துவிடும். முன்பக்கம்தான். நங்கூரமிட்டிருக்கும்போது சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். இரவு வேலை என்பதால் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீசுங்கள். 16 அடிக்குக் குறைந்த படகில் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தால் அதைப் போட்டே தீர வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

பிடித்த பிறகு

ஒரு படகுக்கு ஒரு நாளில் தலையோடு 48 குவார்ட். தலை நீக்கினால் 29 குவார்ட். சுமார் 45 லிட்டர், 27 லிட்டர். தலையைக் கிள்ளிப்போட்டால் இன்னும் இடம் கிடைக்கும் என்று படகிலேயே கிள்ளி, 48 குவார்ட் பெட்டியை நிரப்பிக்கொண்டு கரையேறுபவர்கள் அபராதத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

வலையைக் கொட்டும்போது உடனே கையை உள்ளே விடாதீர்கள், முதலில் கண்ணால் பாருங்கள். இறாலோடு நீல நண்டு, கெளிறு, சில சமயம் திருக்கையும் வரும். கெளிற்று முள்ளும் இறாலின் கொம்பும் கையுறை இல்லாத விரலைக் குத்தும். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ கிருமி இருக்கும் என்பதால், குத்தினால் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீங்கிச் சிவந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஐஸ் பெட்டிக்கு ஒரு பை ஐஸ் போதாது. இறால் செத்ததும் தலைப் பகுதியிலிருந்துதான் கெடத் தொடங்கும். ஓட்டில் கருமை படர்வதும் குளிர் போதாததால் வேகம் பிடிக்கும். அடியில் ஐஸ், அதன் மேல் இறால், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

பருவத்தின் முதல் வாரங்களில் சில இறாலின் செவுள் கறுப்பாக இருக்கும். அழுகல் என்று நினைத்துப் பெட்டியோடு கொட்டியவர்கள் உண்டு. அது செவுளில் ஒட்டும் ஒரு நுண்ணுயிரி. தலையோடு போய்விடும், சதைக்கு ஒன்றுமில்லை. இறால் சின்னதாக இருக்கிறதே என்று முதல் வாரத்திலேயே சலித்துக்கொள்ளவும் வேண்டாம். வசந்தத்தில் கடலில் பிறந்து கோடையில் ஓடைகளில் வளர்ந்த வெள்ளை இறால், தண்ணீர் குளிரக் குளிரப் பெரிய நீர்ப்பரப்புக்கு நகரும். எண்ணிக்கை முக்கியம் என்றால் தொடக்கத்தில் போங்கள். கை நிறையும் இறால்தான் வேண்டுமென்றால் அக்டோபர் நடுவுக்குப் பிறகு. அப்போது படகுகளின் நெரிசலும் பாதியாகிவிடும்.