பெரிய எண் ஒன்றைப் பேனாவோடு பிரித்து மேய்வது எப்படி?

987654321. ஏதோ விளையாட்டுக்கு எழுதிய எண் மாதிரி இருக்கும், ஆனால் காரணிப்படுத்திப் பழக அருமையான எண். பேனா, தாள், வகுக்க மட்டும் ஒரு சாதாரண கால்குலேட்டர் போதும்.

முதலில் செலவில்லாத சோதனைகள். கடைசி இலக்கம் 1, அதனால் 2-ம் 5-ம் அவுட். இலக்கங்களின் கூட்டல் 45, ஆக 9-ஆல் வகுபடும். உடனே வகுத்துவிடுங்கள்: 109739369. இதன் கூட்டல் 47, இனி 3-க்கு இங்கே வேலையில்லை.

ஏன் உடனே வகுக்கச் சொல்கிறேன் என்றால், காரணியை வர்க்கமூலம் வரை தேடினால் போதும். முதல் எண்ணுக்கு அந்த எல்லை 31,426, ஒன்பதை எடுத்ததுமே அது 10,475 ஆகிவிடுகிறது. பலர் காரணியைக் குறித்துக்கொண்டு பழைய எண்ணையே கட்டிக்கொண்டு அழுவார்கள், வேண்டாம்.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் பெருக்கினால் 1001 வருவதால் மூன்றுக்கும் ஒரே சோதனைதான்: எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள். 369 − 739 + 109 = −261. குறியை விடுங்கள், 261-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் 8, 13-ஆல் 1. மூன்றும் தேறவில்லை. ஒன்று, நாம் கமா போடுவது 10,97,39,369 என்று கோடி, லட்சக் கணக்கில். அந்தக் கமாவைப் பார்த்து வெட்டினால் சோதனை சொதப்பிவிடும்.

17-ஆல் வகுத்தால் 6455257, மீதி இல்லை. சரி, அடுத்து 19 என்று ஓடாதீர்கள், 17-ஐயே இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்: 379721, இப்போதும் மீதி இல்லை! மூன்றாம் தடவை மீதி 9. எல்லை இப்போது வெறும் 616, அதாவது 19 முதல் 613 வரை 105 பகா எண்கள். சலிப்பான வேலைதான், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். எதுவும் வகுக்காது, எனவே 379721 பகா எண்.

987654321 = 3² × 17² × 379721

இது கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். அடுக்குகள் 2, 2, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3 × 3 × 2, மொத்தம் 18 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகை (1+3+9) × (1+17+289) × (1+379721) = 1515470502. இதில் அந்த எண்ணையே கழித்தால் 527816181 மிஞ்சும், அதனால் 6, 28 மாதிரி தன் மற்ற காரணிகளின் கூட்டலுக்குச் சமமான எண் இல்லை. 379721-இன் அடுக்கு ஒற்றைப்படை, ஆக முழு வர்க்கமும் இல்லை. ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும், ஏனென்றால் 17-ஐயும் 379721-ஐயும் 4-ஆல் வகுத்தால் மீதி 1, மீதி 3 தருகிற ஒரே பகாக் காரணியான 3-க்கோ அடுக்கு இரட்டைப்படை.

அப்புறம், விடையைச் சரிபார்க்க லினக்ஸ் டெர்மினலில் ஃபேக்டர் (factor) என்ற கட்டளையோடு எண்ணைக் கொடுங்கள், 3 3 17 17 379721 என்று கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிடும்.